சினைக் குதிரைக்கும் குட்டிக்கும் என்ன தீவனம், எவ்வளவு: குதிரை கிளப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் அளவுகள் எல்லாம், சினை இல்லாதபோது 500 கிலோ எடையுள்ள பெட்டைக் குதிரைக்குச் சொன்னவை. உங்கள் குதிரை 400 கிலோ என்றால் ஐந்தில் நான்கு பங்கு என்று குறைத்துக்கொள்ளுங்கள். எடையே தெரியாது என்றால் முதலில் மூன்றாவது கேள்விக்குப் போய்விட்டு வாருங்கள்.

கிளப்பில் சேர்ந்தால் என்னென்ன நடக்கும்? சவாரி மட்டும்தானா?

சவாரி உண்டு. ஆனால் இனப்பெருக்கக் குதிரை வைத்திருப்பவர்களுக்குக் கிளப்பால் கிடைக்கும் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. மாதம் ஒரு நாள் எடை பார்த்து, உடல்நிலை மதிப்பெண் போட்டுக் குறிப்பேட்டில் எழுதுவது. ஆளுக்கு ஐந்து கட்டு வாங்குவதற்குப் பதில் ஒரே வயலின் உலர்புல்லை மொத்தமாக எடுத்து, 15 முதல் 20 கட்டுகளில் துளையிட்டு மாதிரி சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. ஈனும் பருவத்தில் இரவுக் காவலுக்கு முறை வைத்துக்கொள்வது. உறைய வைத்த சீம்பால் சேமிப்பு. குட்டிகளுக்குத் தலைக்கயிறு பழக்கும் நாள், குளம்பு சீவும் நாள். தனி ஒருவர் செய்தால் செலவும் அலுப்பும் அதிகம் பிடிக்கிற வேலைகள் இவை, பத்துப் பேர் சேர்ந்தால் சுலபம்.

சினைக் குதிரையையோ பால் குடிக்கும் குட்டியையோ கிளப் நிகழ்ச்சிக்கு அழைத்து வரலாமா?

வராமல் இருப்பதே நல்லது. எடை பார்க்கும் குழு உங்கள் லாயத்துக்கு வரட்டும். அப்படி வரும்போதும் ஒவ்வொரு லாயத்திலும் கை கழுவி, காலணியைக் கிருமிநாசினியில் நனைத்த பிறகே குதிரையைத் தொட வேண்டும்.

போட்டிக்கும் சந்திப்புக்கும் ஊர் சுற்றும் குதிரைகள் ஹெர்பெஸ் வைரஸைச் சுமந்து வரும். அவற்றுக்கு வெறும் சளியாகப் போய்விடுவது, சினைப் பெட்டைக்குக் கடைசி மாதங்களில் கருச்சிதைவாக முடியும். அதனால் சினைக் குதிரைகளைத் தனிக் கூட்டமாக வைத்து, பயணம் போய்வரும் குதிரைகளோடு தண்ணீர்த் தொட்டியைக்கூடப் பகிரக்கூடாது. புதிதாக வரும் எந்தக் குதிரைக்கும் மூன்று வாரம் தனி இடம். ஹெர்பெஸ் தடுப்பூசி 5, 7, 9ஆம் மாதங்களில் போடுவது வழக்கம். மற்ற தடுப்பூசிகளின் ஊக்கத் தவணையை ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு போட்டால் அதன் எதிர்ப்புச் சக்தி சீம்பாலில் இறங்கும்.

எடை மேடை இல்லாமல் எடையை எப்படித் தெரிந்துகொள்வது?

தையல்காரர் நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவு எடுங்கள். குதிரை மூச்சை வெளியே விட்டதும் படிக்க வேண்டும். பிறகு தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை நீளம். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 185, நீளம் 160 என்றால் 461 கிலோ.

கடைசி மூன்று மாதச் சினையில் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். ஈனும் நேரத்தில் குட்டி, பனிக்குட நீர், நஞ்சுக்கொடி எல்லாம் சேர்ந்து 60 முதல் 70 கிலோ கூடியிருக்கும். அதில் பெரும்பகுதி நாடா சுற்றும் இடத்துக்குப் பின்னால் தொங்குகிறது. அந்தக் காலத்தில் கையால் தடவிப் போடும் மதிப்பெண்தான் சரியான வழி.

உடல்நிலை மதிப்பெண் என்றால் என்ன? எத்தனை இருந்தால் நல்லது?

1983இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்னெக்கே குழு வகுத்த அளவுகோல் இது. 1 என்றால் எலும்புக்கூடு, 9 என்றால் கொழுப்பு மூட்டை. கழுத்து, தோள்மேடு, தோளுக்குப் பின்புறம், விலா, இடுப்பு, வாலடி ஆகிய ஆறு இடங்களைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். விலா கண்ணுக்குத் தெரியாமல், விரலுக்கு உடனே தட்டுப்பட்டால் 5.

இனப்பெருக்கப் பெட்டைக்கு 5.5 முதல் 7 வரை நல்லது. 5க்குக் கீழே போனால் பருவத்துக்கு வருவது தாமதமாகும், சினை பிடிப்பதும் குறையும். ஒரு மதிப்பெண் ஏற 20 கிலோவாவது எடை கூட வேண்டும். பால் கொடுக்கும்போது அவ்வளவு எடை ஏற்றுவது பெரும்பாடு. ஏற்ற வேண்டியதைச் சினைக் காலத்திலேயே ஏற்றி வையுங்கள்.

கண்ணால் மட்டும் மதிப்பிடாதீர்கள். குளிர்கால முடி இரண்டு மதிப்பெண்ணை மறைக்கும். சினை வயிறு கீழே இழுக்கும்போது முதுகும் விலாவும் மெலிந்து நிற்க, பக்கவாட்டில் பார்ப்பவர் “நல்லா கொழுகொழுன்னு இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார். வாலடியைத் தொட்டுப் பார்த்தால் குழி விழுந்திருக்கும்.

சினை உறுதியானதும் தீவனத்தைக் கூட்ட வேண்டுமா?

வேண்டாம். இங்கேதான் பலர் தீவனத்தை வீணடிக்கிறார்கள். சினைக் காலம் சராசரியாக 340 நாள். 320 முதல் 365 வரை போவதும் இயல்புதான். முதல் ஏழு மாதம் வரை கரு சிறியது. நல்ல உலர்புல் அல்லது மேய்ச்சல், தாது உப்புக் கலவை, உப்புக்கட்டி, தண்ணீர் போதும். அடர்தீவனம், அதாவது தானியம் சேர்ந்த செறிவான தீவனம், தேவைப்படுவது மெலிந்த குதிரைக்கு மட்டும்.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2007இல் வெளியிட்ட தேவை அட்டவணையைப் பார்த்தால் கதை தெளிவாகிவிடும். சும்மா நிற்கும் பெட்டைக்கு நாளுக்கு 16.7 மெகாகலோரி செரிமான எரிசக்தி, 630 கிராம் புரதம், 20 கிராம் கால்சியம் தேவை. 11ஆம் மாதச் சினைக்கு 21.4 மெகாகலோரி, 893 கிராம், 36 கிராம். ஈன்ற முதல் மாதத்தில் 31.7 மெகாகலோரி, 1,535 கிராம், 59 கிராம். சினையைவிடப் பால்தான் குதிரையைக் கரைக்கிறது. நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. வயிற்றில் குட்டி இருக்கும்போது வாளி வாளியாகக் கொட்டுவார்கள், குட்டி வெளியே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிடுவார்கள்.

கடைசி மூன்று மாதத்துக்கு என்ன கொடுப்பது?

கரு எடையில் பாதிக்கு மேல் இந்தக் காலத்தில்தான் கூடுகிறது. அதே நேரம் கருப்பை பெருத்துக் குடலை நெருக்குவதால் பெட்டை சாப்பிடும் அளவு குறையலாம். ஆகவே அளவைவிடத் தரத்தை ஏற்ற வேண்டும். ஒரு நாளுக்கு உத்தேசமாக:

- நல்ல உலர்புல் 8 கிலோ
- குதிரை மசால் (லூசர்ன்) உலர்தீவனம் 2 கிலோ
- இனப்பெருக்கக் குதிரைக்கென்று தயாரித்த அடர்தீவனம் 1 கிலோ, இரண்டு வேளையாக

6.5க்கு மேல் மதிப்பெண் உள்ள பெட்டைக்கு அந்த அடர்தீவனத்தையும் நிறுத்திவிட்டு, தாதுவும் புரதமும் செறிந்த துணைத்தீவனத்தை மட்டும் அதன் பையில் சொன்ன அளவில் கொடுக்கலாம். தாதுவை நிறுத்தக்கூடாது. தாய்ப்பாலில் செம்புச் சத்து மிகக் குறைவு. குட்டி கருவில் இருக்கும்போதே கல்லீரலில் செம்பைச் சேமித்துக்கொண்டு பிறக்கிறது, பிறந்து சில மாதங்களுக்கு அந்தச் சேமிப்பில்தான் ஓடுகிறது. பால் கொடுக்கத் தொடங்கிய பிறகு தாய்க்குச் செம்பு கொடுத்தால் பாலில் அது ஏறாது. காலம் கடந்த முதலீடு.

ஓட்ஸும் தவிடும் கொடுத்தால் போதாதா? குதிரை விரும்பிச் சாப்பிடுகிறதே?

விரும்பிச் சாப்பிடும். பிரச்சினை கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதத்தில். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 கிலோ ஓட்ஸில் கால்சியம் சுமார் 4 கிராம், பாஸ்பரஸ் 14 கிராம். 2 கிலோ கோதுமைத் தவிட்டில் கால்சியம் 3 கிராம்கூட இராது, பாஸ்பரஸ் 23 கிராம். இதோடு சாதாரண உலர்புல் 6 கிலோ சேர்த்தால் கால்சியம் 22, பாஸ்பரஸ் 12 கூடும். மொத்தம் 29க்கு 49. தலைகீழ்.

கால்சியம் எப்போதும் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும், இரண்டு மடங்கு வரை நல்லது. குறைந்தால் உடல் தன் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிப் பாலுக்கு அனுப்பும். நாள்பட்டால் தாடை எலும்பும் முக எலும்பும் நார்த்திசுவாகி வீங்கும். ‘பெரிய தலை நோய்’ என்பது இதுதான். அதற்கு முன்பே இன்ன காலென்று சொல்ல முடியாத நொண்டல் வரும்.

மேலே சொன்ன தீவனத்தில் சுண்ணாம்புக்கல் தூள், அதாவது கால்சியம் கார்பனேட், 80 கிராம் கலந்தால் 30 கிராம் கால்சியம் கூடி விகிதம் நேராகும். அதைவிட எளிது தவிட்டை விட்டுவிட்டு 3 கிலோ குதிரை மசால் சேர்ப்பது. தவிடு எப்போதாவது ஒரு கைப்பிடி, மருந்து கலக்க உதவும்.

இன்னொன்று, டப்பா அளவு. ஒரு லிட்டர் டப்பாவில் ஓட்ஸ் அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு, மக்காச்சோளம் முக்கால் கிலோ, தவிடு கால் கிலோ. “மூன்று டப்பா வைக்கிறேன்” என்றால் அது ஒரு தகவலே இல்லை. ஒவ்வொரு தீவனத்தையும் ஒருமுறை எடைபோட்டு டப்பாவில் கோடு கிழித்து வையுங்கள்.

ஒரு வேளைக்கு அதிகபட்சம் எவ்வளவு அடர்தீவனம்?

உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் கூடாது, 500 கிலோவுக்கு 2.5 கிலோ. ஒன்றரை கிலோவோடு நிறுத்திக்கொள்வது இன்னும் பாதுகாப்பு. சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் மாவுச்சத்து பெருங்குடலில் வேகமாகப் புளித்து அமிலமாகும். வயிற்றுவலி, கழிச்சல், குளம்பு அழற்சி எல்லாம் அங்கிருந்து கிளம்புகின்றன. அளவு கூடினால் வேளையைக் கூட்டுங்கள். புதுத் தீவனத்துக்கு மாற 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் புல் ஆபத்து?

பூஞ்சை பிடித்தது எதுவானாலும் ஆபத்து. கட்டைப் பிரித்ததும் வெள்ளைத் தூசி பறந்தாலோ, உள்ளே கைவிட்டால் சூடாக இருந்தாலோ ஒதுக்கிவிடுங்கள்.

சினைக் குதிரைக்கென்றே தனி எதிரி ஒன்று உண்டு: டால் ஃபெஸ்க்யூ புல். அதனுள் வாழும் பூஞ்சை சுரக்கும் நச்சு, பால் சுரப்பதற்கான புரோலாக்டின் ஹார்மோனை அடக்கிவிடும். மடி நிறையாது, சினை நாள் தள்ளிப்போகும், நஞ்சுக்கொடி தடித்துவிடும். ஈனும்போது வெளிறிய வெண்மைப் பைக்குப் பதிலாக வெல்வெட் போன்ற சிவப்புப் பை முதலில் எட்டிப் பார்த்தால், நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டது, குட்டிக்கு ஆக்சிஜன் போகவில்லை என்று பொருள். மருத்துவருக்காகக் காத்திருக்க நேரமில்லை. உடனே பையைக் கிழித்து, பெட்டை முக்கும்போது குட்டியை இழுத்தெடுக்க வேண்டும். இரவுக் காவலுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இதைப் படம் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

இந்தப் புல் உள்ள மேய்ச்சலிலிருந்து பெட்டையைக் கடைசி 60 முதல் 90 நாளுக்கு மாற்றிவிடுங்கள். உலர்த்திக் கட்டினாலும் நச்சு போகாது. இடம் மாற்ற வழியில்லை என்றால் டொம்பெரிடோன் மருந்து பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

கிகுயு, செட்டேரியா, பஃபெல் புல்களில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைக் கட்டிப்போட்டு உடலில் சேரவிடாது. வேறு புல்லே இல்லையென்றால் குதிரை மசாலையும் கால்சியத் தாதுவையும் கூட்ட வேண்டும்.

மாட்டுத் தீவனமோ கோழித் தீவனமோ மிச்சம் இருக்கிறது. கொடுக்கலாமா?

கூடாது. அவற்றில் மோனென்சின் போன்ற மருந்துகள் சேர்ந்திருக்கலாம். மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அளவு குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும், மாற்று மருந்தும் கிடையாது. ஒரே கிடங்கில் இரண்டும் இருந்தால் வாளியும் கரண்டியும்கூடத் தனித்தனியாக இருக்கட்டும்.

வைட்டமின், தாது மருந்துகள் எவ்வளவு சேர்க்கலாம்?

பசும்புல் மேயும் குதிரைக்கு வைட்டமின் ஏ, ஈ பற்றிக் கவலை இல்லை. வருடம் முழுக்க உலர்புல்லே என்றால் வைட்டமின் ஈ நாளுக்கு 1,000 யூனிட் வேண்டும். செலினியம் நாளுக்கு 1 மில்லிகிராம் போதும். குறைந்தால் குட்டிக்கு வெண்தசை நோய் வரும், கூடினால் நஞ்சு. ஆகவே செலினியம் உள்ள இரண்டு பொருட்களை ஒன்றாகக் கொடுக்காதீர்கள்.

கடற்பாசித் தூளை ‘இயற்கை’ என்று நம்பி அள்ளிப் போடுபவர்கள் உண்டு. அதில் அயோடின் மிகுதி. தாய்க்கு ஒன்றும் தெரியாது, குட்டி கழுத்தில் தைராய்டு வீக்கத்தோடு பலவீனமாகப் பிறக்கும். அதேபோலப் பிறந்த குட்டிக்கு இரும்புச் சத்து டானிக் வாயில் ஊற்றாதீர்கள். கல்லீரல் செயலிழந்து குட்டிகள் இறந்திருக்கின்றன.

ஈன்ற அன்று தாய்க்கு என்ன கொடுப்பது?

தண்ணீரும் உலர்புல்லும். அடர்தீவனத்தை அன்றே கூட்டாதீர்கள், ஒரு வாரம் முதல் பத்து நாள் எடுத்துப் படிப்படியாக ஏற்றுங்கள். கருப்பை காலியானதும் வயிற்றுக்குள் குடல் அசைய இடம் கிடைத்துவிடுகிறது. முதல் மூன்று மாதத்தில் பெருங்குடல் முறுக்கிக்கொள்ளும் அபாயம் கூடுதல்.

ஒன்று, இரண்டு, மூன்று என்ற கணக்கை மனப்பாடம் செய்யுங்கள். ஒரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். விழுந்த நஞ்சுக்கொடியை வாளியில் எடுத்து வைத்து, முழுதாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். விழவில்லை என்றால் இழுக்காதீர்கள், மருத்துவரை அழையுங்கள். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் காய்ச்சல், குளம்பு அழற்சி என்று போய் நிற்கும்.

சீம்பால் எவ்வளவு? நல்ல சீம்பாலா என்று எப்படித் தெரியும்?

குதிரையில் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புப் புரதம் குட்டிக்குப் போவதில்லை. சீம்பால்தான் ஒரே வழி, அதுவும் நேரக் கெடுவோடு. குட்டியின் குடல் அந்தப் பெரிய புரதங்களை அப்படியே உறிஞ்சும் வாசல் 18 முதல் 24 மணி நேரத்தில் மூடிவிடும். முதல் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் ஒன்று முதல் இரண்டு லிட்டர் உள்ளே போக வேண்டும்.

பழச்சாற்றின் சர்க்கரை அளக்கும் பிரிக்ஸ் கருவியில் ஒரு சொட்டு வையுங்கள். 23 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நல்லது. ஈனுவதற்கு முன் பல நாளாக மடியிலிருந்து பால் ஒழுகிய பெட்டையிடம் இது குறையும், ஏனென்றால் சீம்பாலே ஒழுகிப் போயிருக்கும். குட்டியின் ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவை 18 முதல் 24 மணிக்குள் பாருங்கள். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 400க்குக் கீழ் என்றால் பிளாஸ்மா ஏற்ற வேண்டியிருக்கும்.

கிளப் சேமிப்புக்குக் கொடுப்பதானால், உங்கள் குட்டி குடித்த பிறகு ஒரு பக்க மடியிலிருந்து 250 மில்லி கறந்தெடுங்கள். பிரிக்ஸ் அளவு, தேதி, குதிரையின் பெயர் எழுதி உறைய வையுங்கள். ஒரு வருடம் தாங்கும். உருக்குவது வெதுவெதுப்பான தண்ணீரில் மட்டும், மைக்ரோவேவில் வைத்தால் புரதம் கெட்டுவிடும். முன்பு மஞ்சள் காமாலைக் குட்டி ஈன்ற பெட்டையின் சீம்பால் சேமிப்புக்கு வேண்டாம். குட்டியின் ரத்த அணுக்களை அழிக்கும் எதிர்ப்பொருள் அதில் இருக்கக்கூடும்.

குட்டி சரியாகப் பால் குடிக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மடியைப் பாருங்கள். குட்டி மடியடியில் நிற்கிறது என்பதால் குடிக்கிறது என்று ஆகாது. மடி இறுகி, காம்பில் பால் சொட்டிக்கொண்டிருந்தால் குட்டி குடிக்கவில்லை. குட்டியின் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் பால் காய்ந்த கறை இருந்தால், மடிக்கு அடியில் தலையை நீட்டி நின்றதே தவிரக் காம்பைப் பிடிக்கவில்லை. சுரந்த பால் தலையில் விழுந்திருக்கிறது. நோய் தொடங்கும் குட்டி காட்டும் முதல் அடையாளம் பெரும்பாலும் இதுதான், காய்ச்சல் அதற்குப் பிறகு வரும்.

ஆரோக்கியமான குட்டி முதல் வாரத்தில் மணிக்கு ஐந்தாறு முறை குடிக்கும், ஒரு நாளில் தன் எடையில் 20 முதல் 25 சதவீதம். குடித்த பால் மூக்கு வழியாக வந்தால் மேலண்ணத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஒரு வாரத்தில் கழிச்சல் வந்துவிட்டது. தாயின் தீவனம் காரணமா?

5 முதல் 14 நாளுக்குள், குட்டி துள்ளிக்கொண்டு, நன்றாகக் குடித்துக்கொண்டு இருக்கும்போது வருவது குடலில் நுண்ணுயிர்கள் குடியேறும் மாற்றம்தான். தாயின் பருவத்தோடு ஒத்து வருவதால் அதன் மேல் பழி விழுந்தது. வாலுக்கு அடியில் கழுவித் துடைத்து வாஸ்லைன் தடவுங்கள், முடி உதிராது. குட்டி தாயின் சாணத்தைத் தின்பதும் இதே காலத்தில்தான். தடுக்க வேண்டாம், அதற்குத் தேவையான நுண்ணுயிர்கள் அப்படித்தான் கிடைக்கின்றன.

சோர்வு, 38.9 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ரத்தம், பால் குடிக்காமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவர். சின்னக் குட்டிக்குச் சில மணி நேரம்கூடப் பெரிய காலம்.

பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாள் தீவனம் எப்படி அமைப்பது?

முதல் இரண்டு மூன்று மாதம் உடல் எடையில் 3 சதவீதம் வரை பால் கறக்கும், அதாவது நாளுக்கு 15 லிட்டர். அதை ஈடுகட்ட:

- உலர்புல் 9 கிலோ
- குதிரை மசால் 3 கிலோ
- 14 முதல் 16 சதவீதப் புரதம் உள்ள அடர்தீவனம் 3 கிலோ, மூன்று வேளையாக
- உப்பு 30 முதல் 50 கிராம், கூடவே நக்க உப்புக்கட்டி

தண்ணீர் 50 முதல் 75 லிட்டர், வெயில் காலத்தில் அதற்கும் மேல். பால் குறைந்தது என்று தீவனத்தை மாற்றுவதற்கு முன் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். பாசி படிந்த தொட்டியில் குதிரை குறைவாகவே குடிக்கும்.

நான்காவது மாதத்திலிருந்து பால் குறையும், அடர்தீவனத்தையும் மெல்லக் குறைக்கலாம். பசும்புல் செழித்த மேய்ச்சலில் நாள் முழுக்க இருந்தால் தொடக்கத்திலிருந்தே பாதி போதும். இது தொடக்கப் புள்ளிதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விலாவைத் தடவிப் பார்த்து அரை கிலோ ஏற்றுவதும் இறக்குவதும் உங்கள் கையில்.

தாய் இறந்துவிட்டது அல்லது பால் இல்லை. குட்டியை எப்படி வளர்ப்பது?

முதலில் சீம்பால், பிறகு வளர்ப்புத் தாய் தேடல், இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கட்டும். கிடைக்கும் வரை குதிரைக்குட்டிக்கான பால்பொடி.

குதிரைப் பாலில் கொழுப்பு 1.5 முதல் 2 சதவீதம், சர்க்கரை 6 சதவீதத்துக்கு மேல். பசும்பாலில் கொழுப்பு இரண்டு மடங்கு, சர்க்கரை குறைவு. அவசரத்துக்கு 2 சதவீதக் கொழுப்புள்ள பசும்பாலில் லிட்டருக்கு 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் கலந்து கொடுக்கலாம். வீட்டுச் சர்க்கரை கூடாது, அதை உடைக்கும் நொதி குட்டியிடம் போதாது, கழிச்சல்தான் மிஞ்சும்.

முதல் நாள் உடல் எடையில் 10 சதவீதம், சில நாளில் 20 முதல் 25 சதவீதமாக ஏற்றுங்கள். 50 கிலோ குட்டிக்கு அப்போது 10 முதல் 12 லிட்டர் ஆகும். முதல் சில நாள் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும். புட்டியில் கொடுத்தால் குட்டி நிற்க வேண்டும், புட்டி தாய் மடி உயரத்துக்கு மேல் போகக்கூடாது. தலையை அண்ணாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். இரண்டாவது நாளே வாளிக்குப் பழக்கிவிட்டால் உங்கள் தூக்கமும் மிஞ்சும், குட்டி மனிதரையே தாயென்று ஒட்டிக்கொள்வதும் குறையும். சாதுவான ஒரு குதிரையின் துணையும் வேண்டும். கையிலேயே வளர்ந்த ஆண் குட்டி மூன்று வயதில் ஆளை முட்டித் தள்ளும் விலங்காகும்.

குட்டிக்கு எப்போது தனித் தீவனம் தொடங்கலாம்?

இரண்டு மூன்று மாதத்தில். அதற்கு முன்பு தாயின் தொட்டியில் கொறிப்பது பழக்கத்துக்குத்தான். குட்டி மட்டும் நுழையும்படி குறுக்குக் கம்பத்தைத் தாயின் மார்பு உயரத்துக்குக் கட்டி, உள்ளே தொட்டி வையுங்கள். வயதின் ஒவ்வொரு மாதத்துக்கும் நாளுக்கு அரை கிலோ உச்ச வரம்பு. மூன்று மாதக் குட்டிக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் வேண்டாம், இரண்டு வேளையாகப் பிரியுங்கள். புரதம் 16 சதவீதம், அதில் லைசின் என்ற அமினோ அமிலம் நன்றாக இருக்க வேண்டும். துத்தநாகம் செம்பைப்போல் மூன்று நான்கு மடங்கு இருந்தால் சரி. மிச்சம் விழுந்ததைத் தினமும் அகற்றுங்கள். நாலைந்து குட்டிகள் இருந்தால் ஒன்றே எல்லாவற்றையும் தின்றுவிடும், தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

மூட்டுக்கு மேல் வீங்கியிருக்கிறது, குளம்பு செங்குத்தாகிக்கொண்டே வருகிறது. என்ன செய்வது?

வேகமாக வளரும் குட்டியில் வளர்ச்சித் தட்டு அழற்சி, தசைநார் இறுக்கம். மரபு, மாவுச்சத்து மிகுதி, தாதுக் குறைவு, கடினத் தரையில் அதிக ஓட்டம் எல்லாம் பங்காளிகள். தாய்க்கு அபரிமிதமான பால் என்றாலும் வரும். மருத்துவரும் குளம்புத் தச்சரும் சேர்ந்து பார்க்கட்டும்.

தீவனத்தில் செய்ய வேண்டியது: தானியத்தை வெட்டுங்கள், புல்லையும் தாது, புரதத் துணைத்தீவனத்தையும் விடாதீர்கள். பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்துபவர்கள் இரண்டாவது தவறைச் செய்கிறார்கள். பட்டினி கிடந்து பிறகு திடீரென்று எகிறும் வளர்ச்சிதான் எலும்புக்கு மிக மோசம். சுமார் 500 கிலோவுக்கு வளரக்கூடிய குட்டி ஆறு மாதத்தில் 215 கிலோ, ஒரு வயதில் 320 கிலோ அளவில் இருந்தால் போதும். மாதாந்திர எடைக் கோடு நேராக ஏறுகிறதா என்று பாருங்கள். அதற்காகத்தான் கிளப் குறிப்பேடு.

பால் எப்போது மறக்கடிக்கலாம்?

ஐந்து ஆறு மாதத்தில். குட்டி தினமும் தீவனத்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறது என்பதே தகுதி. தனி லாயத்தில் ஒற்றைக் குட்டியை அடைத்து வைப்பது கொடுமை. கூட்டமாக மேயவிட்டு, சில நாளுக்கு ஒரு தாயாக விலக்கிக்கொண்டே போனால் குட்டிகள் பழகிய இடத்தில், பழகிய தோழர்களோடு இருக்கும். முள்வேலி இருக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள்.

தாய்க்கு ஒரு வாரம் முன்பே அடர்தீவனத்தை நிறுத்துங்கள். பிரித்த பின் மடி பந்துபோல் இறுகும். பாவம் என்று கறந்துவிட்டால் இன்னும் சுரக்கும். விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் வற்றும். சூடும் காய்ச்சலும் இருந்தால் மடிவீக்க நோய்.

குடற்புழு மருந்து எப்போது?

தாய்க்கு ஈனும் சமயத்தில் ஐவர்மெக்டின், பால் வழியாகக் குட்டிக்குப் போகும் நூல்புழுவைத் தடுக்க. குட்டிக்கு இரண்டு மூன்று மாதத்தில் ஃபென்பெண்டசோல் வகை, உருண்டைப் புழுவுக்காக. இந்தப் புழு பல இடங்களில் ஐவர்மெக்டினுக்கு அசைவதில்லை. இரண்டாவது தவணைக்கு முன் ஐந்து மாதம் வாக்கில் சாண முட்டை எண்ணிக்கை பாருங்கள். தொப்பை வயிறும் சொரசொரத்த முடியுமாக, புழு நிறைந்த குட்டிக்கு வீரியமான மருந்தை ஒரேயடியாகக் கொடுத்தால் செத்த புழுக்கள் கயிறாகத் திரண்டு சிறுகுடலை அடைத்துவிடும். அப்படிப்பட்ட குட்டிக்கு மருந்தையும் அளவையும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

குளம்பு, தலைக்கயிறு?

முதல் மாதத்திலிருந்தே தினமும் ஒருமுறை நான்கு காலையும் தூக்கி, சில நொடி வைத்திருந்து, குட்டி அசையாமல் இருக்கும்போது விடுங்கள். உதறும்போது விட்டால் உதறக் கற்றுக்கொள்ளும். முதல் சீவல் ஒன்று இரண்டு மாதத்தில், பிறகு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. தலைக்கயிறு போட்டு மேய்ச்சலில் விடாதீர்கள். பின்னங்காலால் காது சொறியும்போது குளம்பு அதில் மாட்டிக்கொள்ளும்.